றக்பிப் பந்து இல்லாத மாதங்கள்

றக்பி விளையாட்டில் அடி, சுளுக்கு, பல் ஆடுவது எல்லாம் சின்ன விஷயம். விளையாட்டே இல்லாத மாதங்கள்தான் ஆளை வாட்டும்.

நரை விழுந்த பிறகும் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக்கு ஓடும் என் இனத்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து நீள்வட்டமாக இருக்கும். கையால் கொடுப்பதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம், முன்னால் எறியக்கூடாது. இடையிடையே இரண்டு பக்கத்து ஆட்களும் தோளோடு தோள் கோத்து, குனிந்து, முட்டித் தள்ளுவோம். அந்த முன்வரிசையில் மூன்று பேர். இடது பக்கத்து ஆள் நான். மற்ற நேரங்களில் பரந்தனில் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுக்கிறேன்.

பாப்பம்

போன பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கப்டன் நிரோஜன் பக்கத்தில் வந்து இருந்தான். என் வயதில் பாதிதான் இருக்கும். வாய் அண்ணை என்று கூப்பிட்டாலும் கண் அங்கிள் என்றுதான் கூப்பிடும். அடுத்த முறையும் என்னுடைய இடம் எனக்குத்தானே என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் கோல் கம்பத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

“பாப்பம் அண்ணை.”

அலுமாரி

பெண் கேட்டுப் போன வீட்டில் ‘பாப்பம்’ என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்த வரிசையில் இன்னொருவனின் தோள் நிற்பதை வெளியே கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஆகவே உடம்பை விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். தள்ளிப் பழக வீட்டில் ஒரு பெரிய முதிரை மர அலுமாரி இருந்தது.

விடிய எழும்பி அதற்குத் தோள் கொடுப்பேன். முதல் நாட்களில் அது அசையவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்து, ஒரு நாள் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே நான். வெளியே, குசினியில் ஊற்றிய தேத்தண்ணியோடு என் மனைவி சுகந்தி. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரிக்கு மேலால் கோப்பையை நீட்டினாள்.

“இஞ்சருங்கோ, இந்தப் போக்கில போனா அடுத்த கிழமை அலுமாரி குசினிக்கு வந்திடும். வரேக்க அந்த ரெண்டு கதிரையையும் தள்ளிக்கொண்டு வாங்கோ.”

வெள்ளரிப்பழம்

பந்து கப்டன் வீட்டில் பூட்டிக் கிடந்தது. என் கைகளோ சும்மா இருக்க மறுத்தன. அந்த நேரம் பார்த்துப் பரந்தன் சந்தியில் வெள்ளரிப்பழம் விற்பனைக்கு வந்தது. நீளம், பருமன், இரண்டு முனை, எல்லாம் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. வாழை நாரால் சுற்றிக் கட்டிய ஒன்றை வாங்கினேன். அது பழுத்தால் தானாகவே வெடிக்கும் சாமான் என்பது எனக்குத் தெரியாததல்ல.

வீட்டுப் பக்கம் போகும் பஸ் புறப்பட்டுவிட்டது. பழத்தை அக்குளில் இறுக்கிக்கொண்டு ஓடினேன். வழியில் நின்ற சைக்கிளை இடப்பக்கமாக வெட்டி, ஒரு மாட்டை வலப்பக்கமாக வெட்டி, மிதிபலகையில் பாய்ந்து ஏறினேன். நல்ல ஓட்டம், எனக்கே பெருமையாக இருந்தது. ஆனால் இறுக்கிய இறுக்கில் பழம் சேர்ட்டிலும் மிதிபலகையிலும் றோட்டிலுமாகப் பிரிந்துவிட்டது. நடத்துனர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“அண்ணை, உங்களுக்கு மட்டும் ரிக்கற் போடுறன். பழம் இறங்கீற்றுது.”

அன்னதானம்

கோயில் அன்னதானத்தில் சோற்றுக் கடகங்களை மடைப்பள்ளியிலிருந்து பந்திக்குக் கைமாற்றிக் கொடுக்க ஆட்கள் வரிசையாக நின்றோம். நான் நடுவில். பின்னால் நின்றவர் கடகத்தைத் தந்தார். முன்னால் நின்றவர் இரண்டு கையையும் நீட்டினார். முன்னால் கொடுப்பதா? இத்தனை வருஷப் பழக்கம் விடவில்லை. உடம்பு தானாகத் திரும்பி, தந்தவரிடமே கடகத்தைக் கொடுத்துவிட்டது. அவரும் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துத் தனக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார்.

இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கடகங்கள் ஆவி பறக்க அடுப்படிக்கே திரும்பிப் போயின. பந்தியில் சனம் வெறும் வாழையிலையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சமையல்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு முகம் வெளிறி ஓடிவந்தார்.

“என்ன தம்பி, ஒருத்தரும் வேண்டாமெண்டிட்டினமோ? உப்புக் கூடிப்போச்சோ?”

சேறு

ஜெயபுரத்துக்கு நெல் ஏற்றப் போனோம். ஆலையின் றக்ரர், பின்னால் இழுத்துவந்த நெல் ஏற்றும் பெட்டியோடு சேற்றில் புதைந்தது. என் மனம் குளிர்ந்துபோனது. தள்ளுவது என் துறையல்லவா? நின்றவர்களை வரிசைப்படுத்தி, தோளைக் கோர்க்க வைத்து, “நான் சொல்லேக்க குனியுங்கோ, பிறகு பிடியுங்கோ, அதுக்குப் பிறகுதான் தள்ளுங்கோ” என்று பாடம் எடுத்தேன். நெல்லின் சொந்தக்காரர் கணேசன் மட்டும் வரிசைக்கு வரவில்லை. மலையகத்திலிருந்து வந்து அங்கே வயல் செய்கிறவர், பெரிய வாய்க்காரர். சாரத்தை மடித்துக் கட்டினார், பெட்டிக்கு முதுகைக் கொடுத்தார், ஒரே உன்னு.

றக்ரர் போய்விட்டது. பெட்டியை நம்பிக் குனிந்து நின்ற நாங்கள் அத்தனை பேரும் சேற்றில் முகம் குப்புற விழுந்தோம். வரப்பில் நின்ற யாரோ ஒரு புண்ணியவான் இதை முழுதாகப் போனில் எடுத்தான். கணேசன் குனிந்து என் முகத்தைத் தேடினார்.

“தம்பி, கும்புடுறதெல்லாம் கோயில்ல வச்சுக்கங்க. இங்க தள்ளணும்.”

என் இடம்

அந்தப் படம் என்னை விட வேகமாக ஓடிக் கப்டனின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. புதுப் பருவத்தின் முதல் பயிற்சிக்கு மைதானத்துக்குப் போனால், முன்வரிசையில் இடது பக்கத்தில், என்னுடைய இடத்தில், இரவல் சப்பாத்தோடு கணேசன் நிற்கிறார்! அவர் என்னை விட மூன்று வயது மூத்தவர், ஆகவே வயதைச் சொல்லி மனதை ஆற்றவும் வழியில்லை. அழுகையே வந்துவிட்டது. சப்பாத்து நாடாவைக் கட்டுவது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“நடுவில வாங்கோ அண்ணை” என்றான் நிரோஜன். போனேன். கணேசன் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு முறுகியது. “பந்து வந்தா முன்னாடி குடுக்கணுமா, பின்னாடியா?” என்று காதுக்குள் கேட்டார். பின்னால் என்றேன். தள்ளினோம். எதிர்ப்பக்கம் அலுமாரியை விட இலேசாகப் போனது. மூச்சு வாங்கிக்கொண்டே, அப்படியென்றால் நான் அணியில் இருக்கிறேனா என்று நிரோஜனிடம் கேட்டேன். இந்த முறை அவன் கோல் கம்பத்தைப் பார்க்கவில்லை.

“அவருக்குத் தள்ளத் தெரியும், விளையாடத் தெரியாது. உங்களுக்கு விளையாடத் தெரியும், தள்ள ஏலாது. ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில விட்டா ஒரு ஆள் தேறும் அண்ணை.”

ஆகவே, முழங்கால் வலியோடு இதை வாசிக்கும் அன்பர்களே, அலுமாரியும் வெள்ளரிப்பழமும் வீண் போகவில்லை, நான் இன்னும் அணியில் இருக்கிறேன், சரியாகச் சொன்னால் பாதி இருக்கிறேன்.