டிரைவரே, முப்பது!

சாலவாக்கத்தில் நான் ஏறிய மினி பஸ் உத்திரமேரூரை நோக்கிப் பறக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துத் தூங்குகிறது. நான் ஐம்பது வயதுக் குரங்குக் குட்டியாகக் கம்பியைக் கட்டிப்பிடித்திருக்கிறேன். தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளிடம் வந்துவிட்டேன். ஜல்லி லாரி ஒன்று எங்களை உரசுகிற மாதிரி எதிரே கடக்கிறது.

களைக்கொத்தோடு பக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா குரல் கொடுக்கிறார்: “டிரைவரே, முப்பது!”

உடனே பிரேக். பஸ் தவழ்கிறது. எனக்குக் கண்ணீரே வருகிறது. “தாயே, நான் கேட்க நினைச்சதை நீங்க கேட்டுட்டீங்க! உத்திரமேரூர் வரைக்கும் முப்பதுலயே போகச் சொல்லுங்க!”

பஸ்ஸே சிரிக்கிறது.

“அய்ய, வேகத்த யாருய்யா சொன்னா? முப்பதுன்றது எங்க ஸ்டாப்பிங்கு” என்று ஏரிக்கரை வளைவில் நிற்கும் ‘30’ போர்டைக் காட்டுகிறார்.

“அதைப் பார்த்து யாரும் மெதுவாப் போறதில்லையா?”

“போர்ட எவன் பாக்குறான்? வளைவுக்கு அந்தாண்ட லாரி வர்றதே தெரியாது. நான் எறங்கறதுக்கோசரம் நிறுத்துறான், அதால தப்பிச்சிக்கினு கீறோம்.”

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போகிறார். பஸ் மறுபடி பறக்கிறது. அடுத்த வளைவு தெரிந்ததும் என் தொண்டை தானாகத் திறந்துகொள்கிறது: “டிரைவரே, முப்பது!”

“முப்பது அப்பவே பூட்ச்சே சார்” என்கிறார் டிரைவர். வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல், ரோட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு, முழுசாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்து, மரியாதையாகச் சொல்கிறார்.