லிஃப்ட்காரரின் மாப்பிள்ளை

வாரத்தில் ஆறு நாள் வீடு வீடாகப் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம், வேறொன்றும் கிடையாது. அந்தத் தூக்கத்திலிருந்து ஏழு மணிக்கே அவனை உலுக்கி எழுப்பினாள் மனைவி.

“ஏங்க, எந்திரிங்க. அப்பா குளிச்சு, ஷூ போட்டுட்டு ஹால்ல வந்து உக்காந்துட்டாரு.”

“இன்னிக்கேவா?”

“பார்க் பாஸ்ல தேதி போட்டிருக்கு, இன்னியோட முடியுது. ரெண்டு மாசமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளினது யாரு?”

தள்ளியது அவன்தான். மனைவிக்கு இது ஏழாம் மாதம். அவள் போக முடியாது. மாமனாரைத் தனியாக அனுப்பவும் முடியாது. எழுந்து உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் அவனுக்கு முன்பே விழித்துக்கொண்டு முனகின.

மாமனார் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து, பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இரண்டு பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். “காலம் பூரா நேரா மேல போயி நேரா கீழ வந்துட்டீங்க, ஒரு நாளாவது வளைஞ்சு நெளிஞ்சு போங்க” என்று சொல்லிக் கைதட்டினார்களாம். மாமியார் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் தனியாக இருந்தவர், ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும், “சாப்டீங்களா மாப்ள?” “ஆச்சு மாமா” என்பதைத் தாண்டி இருவருக்குள்ளும் பேச்சு வளரவில்லை.

“பி.பி. மாத்திரை குடுத்துட்டேன். ராட்டினத்துல பெருசு எதுலயும் ஏத்திடாதீங்க” என்று வாசலில் வைத்து அவன் காதோடு சொன்னாள் மனைவி.

பஸ்ஸில் ஏறியதும் தூங்கிப்போனான். இறங்க வேண்டிய இடத்தில் விழித்துப் பார்த்தால், தலை மாமனாரின் தோளில் இருந்தது. அவர் சட்டையில் அவனுடைய எச்சில். இருவருமே அதைப் பார்க்காதது போல இறங்கினார்கள்.

உள்ளே நுழைந்த நிமிடத்திலிருந்து மாமனார் வேறு ஆளாகிவிட்டார். வீட்டில் தண்ணீர் கேட்கவே தயங்குகிற மனிதர், கையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, “இது முதல்ல, அப்புறம் அது” என்று விறுவிறுவென்று நடந்தார். இவன் பின்னால் இழுபட்டான். வரிசையில் நின்றபடியே இரண்டு முறை கண்ணயர்ந்தான். பின்னால் நின்ற ஒரு பெண் முதுகில் தட்டி, “நகருங்க சார்” என்றாள்.

முதலில் ஏறியது சின்ன ரோலர் கோஸ்டர். மடிமேல் கம்பி இறங்கியது. வண்டி சங்கிலியில் மாட்டிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. மாமனார் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

“கட கடன்னு கேக்குதே, அது சங்கிலி இல்ல மாப்ள. வண்டி பின்னால வழுக்கிடாம புடிக்கிற கொக்கி. ஒவ்வொரு பல்லா விழுது பாருங்க.”

“சரி மாமா” என்பதற்குள் வண்டி தலைகுப்புற இறங்கியது. இவன் அலறினான். அவர் அலறவில்லை. கீழே வந்து நின்றதும், “பிரேக்கு சுமார்தான்” என்றார்.

அப்படியே மூன்று வண்டி. மூன்றாவதில் இவனுக்குக் காலையில் தின்ற ரொட்டி தொண்டைவரை வந்துவிட்டுப் போனது. ஒரு மணிக்கு நிழலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையைத் தின்றார்கள். இவன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் அண்ணாந்து பெரிய ரோலர் கோஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரங்களுக்கு மேலே எழும்பி, வானத்தில் ஒரு வளைவு வளைந்து, நேர் கீழே விழுகிற தண்டவாளம்.

“அது ஒண்ணு மட்டும் போயிட்டு வீட்டுக்குக் கெளம்பிடலாம் மாப்ள.”

வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை: காத்திருக்கும் நேரம் எழுபது நிமிடம். அதைப் படித்ததும் இவனுக்கு அழுகை வராத குறை. சீருடை போட்ட பெண் ஒருத்தி அங்கே நின்று, வயதானவர்களை மட்டும் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, உங்களுக்கு பிரஷர், ஹார்ட் பிரச்சினை ஏதாவது?”

“ஒண்ணும் கெடையாதும்மா. கல்லு மாதிரி இருக்கேன்.”

“பி.பி. இருக்கு” என்றான் இவன். வாய் தானாகப் பேசிவிட்டது. “காலையில கூட மாத்திரை போட்டாரு.”

அந்தப் பெண் வருத்தத்தோடு கையை விரித்தாள். மாமனார் மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வையில் இவனுக்கு உடம்பே கூசிப்போனது. அவர் உடம்பை நினைத்தா சொன்னான்? எழுபது நிமிடம் நிற்க வேண்டாம், நேரே வீடு, மெத்தை என்றுதானே சொன்னான்!

“சரி, நீங்க போயிட்டு வாங்க மாப்ள. நான் இங்க உக்காந்திருக்கேன். எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க.”

இவன் எழுபது நிமிடம் நின்றான். ஏறினான். இறங்கி வந்தான். மாமனார் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்து, “சொல்லுங்க. சத்தம் எப்ப நின்னுச்சு? உச்சியிலயா, உச்சி தாண்டியா?” என்றார்.

இவன் விழித்தான். ஏறத் தொடங்கியதிலிருந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். அவன் கேட்டதெல்லாம் அவனுடைய அலறல்தான்.

“கவனிக்கல மாமா.”

“பரவால்ல விடுங்க” என்றார் அவர். முகம் தொங்கிப்போனது. பையை எடுத்துக்கொண்டு எழப் போனார்.

“உக்காருங்க” என்றான் இவன். “இதோ வரேன்.”

மறுபடியும் வரிசை. இந்த முறை முன் இருக்கைதான் வேண்டும் என்று சொல்லி, மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு, இன்னும் கால் மணி நேரம் ஓரமாக நின்றான். குதிகால் இரண்டும் எரிந்தன. வண்டி ஏறியபோது, கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. கண்ணை மட்டும் மூடவில்லை.

இறங்கி வந்தவன் பெஞ்சில் தொப்பென்று விழுந்தான். மூச்சு வாங்கியது.

“முன்னாடி சீட்டு மேடு தாண்டிடுது மாமா. கீழ தரை தெரியுது, ஜனங்க எறும்பு மாதிரி தெரியறாங்க. ஆனா வண்டி விழல. அப்படியே தொங்குது. பின்னால இன்னும் கட கடன்னு அந்தச் சத்தம். ஆறு எண்ணினேன். பொட்டுனு நின்னுச்சு. அப்புறம்...” கையால் காட்டினான். “அடிவயிறு மேலயே தங்கிடுச்சு.”

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஆறா?” என்றார். “பின் பெட்டியும் மேல வந்து சேரணும்ல. சரிதான், சரிதான்.” இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். இவனும் சொன்னான்.

திரும்பும் பஸ்ஸில் இவன் தூங்கவில்லை. பாதி வழியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “மாமா, நான் உங்க ஒடம்புக்காகச் சொல்லல. வீட்டுக்குப் போயிடலாம்னுதான் சொன்னேன்” என்றான்.

“தெரியும்.”

“கோவமா?”

“வந்துச்சு, போயிடுச்சு.” அவர் பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். “நானும் செஞ்சிருக்கேன் மாப்ள. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூப்பிடுவாங்க. அரை மணி நேரத்துல முடிக்கிற வேலைதான். பார்ட்டு வரணும், நாளைக்குத்தான்னு சொல்லி, லிஃப்ட்ல ‘பழுது’ன்னு பலகைய மாட்டிட்டுக் கெளம்பிடுவேன். மாடி ஏறினவங்க எத்தன பேரோ!”

இவன் திரும்பி அவரைப் பார்த்தான். லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில் தண்ணீர் கேன் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாடிவரை ஏறியது நினைவுக்கு வந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது.

“என் முட்டி தேஞ்சதுக்கு நீங்கதான் காரணமா!”

“எல்லாப் பழியையும் என் தலையில கட்டாதீங்க. ஊர்ல இன்னும் நாப்பது மெக்கானிக் இருக்கான்” என்றார் மாமனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “பெருசுல ஏத்தலையே?”

“அவரு ஏறல” என்றான்.

“நல்லவேளை.”

மாமனார் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “மாப்ள ரெண்டு தடவ போனாரும்மா. அவருக்கு மொதல்ல சாப்பாடு போடு” என்றார்.

சாப்பிட்டது பாதி, தூங்கியது பாதி. நாளைக்கு ஏழு மணிக்குக் கிடங்கில் நிற்க வேண்டும். படுத்துக் கண்ணை மூடினால் கட்டில் மெல்ல மேலே ஏறுவது போல இருந்தது. ஹாலில், மாமனார் மகளுக்கு அந்தத் தொங்கலைக் கையால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார், தானே போய் வந்தவர் மாதிரி. “ஆறு எண்ணலாம்” என்றார் அவர். நாலரைதான் இருக்கும், பயத்தில் வேகமாக எண்ணிவிட்டேன் என்று எழுந்துபோய்த் திருத்தலாமா என்று இவன் யோசித்தான். கால் ஒத்துழைக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டான்.