நல்ல தண்ணீர்

எங்கள் தோட்டத்தைக் கொன்றவன் நான்தான். வறட்சி அல்ல, பூச்சி அல்ல, அண்ணன் நம்புவதுபோல் அவருடைய கைராசியும் அல்ல. நான்!

என் மனைவிக்குக்கூட இது தெரியாது. உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது என்பதாலா? இருக்கலாம்...

பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது எங்கள் நிலம். கொள்ளுத்தாத்தா காடு திருத்தி உண்டாக்கியது. நான்காவது தலைமுறையாக அண்ணன் அதில் கீரை போட்டார். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் எங்கள் கீரைக்கென்றே ஆட்கள் காத்திருப்பார்கள். நான் மண்ணைத் தொட்டதில்லை. பெயின்ட் கம்பெனிக் கிடங்கில் எனக்கு வேலை. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப, "வித்துடலாம்ணா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் சிரிப்பார். "நான் செத்ததுக்கு அப்புறம் வந்து கேளுடா."

விளையாத நிலமென்றால் விற்றுத்தானே ஆக வேண்டும்? அந்த எண்ணம் எப்போது எனக்குள் நுழைந்ததென்று தெரியவில்லை. நுழைந்த பிறகு வெளியேறவே இல்லை.

ஆலைக் கழிவைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார் எங்கள் கிடங்குக்கு வந்துபோகும் ஒரு லாரிக்காரர். தோட்டத்தில் வற்றிப்போன பழைய கிணறு ஒன்று இருந்தது. அண்ணனும் அண்ணியும் ஆஸ்டின் டவுனுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் அவரை வரச் சொன்னேன்.

பீப்பாய் பீப்பாயாகச் சாய்த்தார்கள். கறுத்த குழம்பொன்று ஓசையின்றிக் கிணற்றுக்குள் இறங்கியது. அதன் நெடி கண்ணைக் கரித்தது. "ஏனூ ஆகல்ல சார்... பூமி குடிச்சிடும்" என்றார் லாரிக்காரர். ஒன்றும் ஆகாதாம்! மேலே மண்ணைத் தள்ளி மூடினோம்.

"மாடு கீடு விழுந்துடும்னு கிணத்தை மூடிட்டேன்ணா" என்றேன் மறுநாள். "நல்ல காரியம் பண்ணினே" என்று அண்ணன் என் முதுகைத் தட்டினார்.

போர்வெல் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கீரைக்குப் பாயும் தண்ணீரும் அதுதான், அவர்கள் வீட்டில் குடிக்கும் தண்ணீரும் அதுதான். முதலாவதை நினைத்தேன், இரண்டாவதை நினைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? என்னாலேயே நம்ப முடியவில்லை.

கீரை மஞ்சளித்தது. பிறகு முளைக்கவே இல்லை. அண்ணன் விதையை மாற்றினார், எருவை மாற்றினார், சாமிக்கு வேண்டிக்கொண்டார். "தண்ணி லேசா துரு வாடை அடிக்குது. மழை வந்தா சரியாயிடும்" என்றார். நான் போகும்போதெல்லாம் அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டு வருவார். "தாகமில்லை அண்ணி" என்பேன். குடிக்காதீர்கள் என்ற ஒரு சொல்... ஒரே ஒரு சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை.

அண்ணிக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டுவிட்டதென்றார்கள். டாக்டர் கேட்டார்: "குடிக்க என்ன தண்ணி?"

"எங்க தோட்டத்து போர் தண்ணி டாக்டர்."

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"அப்பா காலத்துலேர்ந்து குடிக்கிற தண்ணிக்கு எதுக்கு டெஸ்ட்?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுடா!"

கட்டிலிலிருந்து அண்ணியும் என்னைப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான் டாக்டர்" என்றேன்.

ஆம், என் வாயால் சொன்னேன்!

வைத்தியத்துக்காகத் தோட்டத்தை விற்றோம். நான் விரும்பியது நடந்தது. அண்ணி பிழைக்கவில்லை. அந்தத் தண்ணீர்தான் காரணமா? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை... கேட்கத் துணிவேனா?

அண்ணன் இப்போது லிங்கராஜபுரத்தில் மகளோடு இருக்கிறார். "நாலு தலைமுறை காப்பாத்தின மண்ணு. நான் கை வச்சு நாசமாப் போச்சுடா" என்று விரல்களைப் பார்த்தபடி சொல்வார். எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நிலத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. விற்ற விலையில் என் பங்குக்கு ஈடாக அதில் ஒரு வீடு கிடைத்தது. நான் அதில் குடியேறவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறேன். சேலத்திலிருந்து வந்த ஓர் இளம் குடும்பம், இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. சென்ற வாரம் போயிருந்தபோது, அவர்களுடைய சின்னப் பெண் செடிக்கு விடும் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்காதே!" என்று கத்திவிட்டேன்.

தாய் ஓடி வந்தாள். "ஏன் அங்கிள்? புது போர் தண்ணியாச்சே... நல்லா இல்லையா?"

எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு! நாக்கு நுனிவரை வந்தது.

"சளி பிடிக்கும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். குழந்தை மறுபடியும் குழாயை எடுத்துக்கொண்டாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், இல்லையா? ஆனால் அந்தக் குடியிருப்பின் பெயரை இன்னும் சொல்லவில்லை. நீங்கள் அங்கேயே குடியிருக்கலாம்... அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை.