லாவண்யாவுக்கு வராத வைஃபை

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் மருமகள் லாவண்யா. அருப்புக்கோட்டைக்காரி. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வந்து, எட்டு வருஷமாக நேரம் தவறாமல் மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாமியாருக்கு டிவியில் சீரியல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். வீட்டில் சேலைக்குப் பஞ்சமா, நகைக்குப் பஞ்சமா? என்ன, ஒரு ஊசி வாங்குவதானாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்த வேலை கிடைத்தது. படங்களுக்குக் கீழே ஓடும் தமிழ் வரிகளைத் திருத்தித் தர வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் கம்பெனிக்காரர்களின் மென்பொருள் லினக்ஸில் மட்டும்தான் ஓடுமாம், அதனால் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட வேண்டும். போன் இன்டர்நெட்டோ வெளி இடத்து இணைப்போ ஆகாது என்பது கம்பெனி விதி. வீட்டு வைஃபையில் சேர்ந்து, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு சோதனையை முடித்துக் காட்ட வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாதவள், வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே போட்டுவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான். சாப்பிடும்போது பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள். மாமனார் சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே லேப்டாப்பில் வைஃபை போய்விட்டது. வீட்டு வைஃபையின் பெயர் தெரியும், பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் சுற்றிச் சுற்றிவிட்டு மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்கும். அவளுடைய போனிலோ அதே வைஃபை ஜோராக ஓடியது.

கோளாறு லினக்ஸில்தான், இல்லையென்றால் தன் கையில்தான் என்று முடிவுகட்டிவிட்டாள் லாவண்யா. போனில் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம். வைஃபையை ஓட்டும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி போடு என்றான் ஒருத்தன். லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டே தண்டம், மாற்று என்றான் இன்னொருத்தன். கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். ஒரு புள்ளி தப்பினால் அத்தனையும் வீண். லினக்ஸையே முழுசாக அழித்துவிட்டு இன்னொரு தடவை போட்டும் பார்த்தாள். ம்ஹூம்!

கணவன் ராம்குமார் மதியம் கடையிலிருந்து சாப்பிட வந்தால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். போனைப் பார்த்து அவன் வாசிக்க வாசிக்க இவள் அடிப்பாள். ஒவ்வொரு தடவை தோற்றதும், "விடு லாவண்யா, லினக்ஸ்னாலே இப்படித்தானாம். நமக்கெல்லாம் சரிப்படாது" என்று தோளைத் தட்டுவான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று அவளுக்கு மனசு நிறைந்துபோகும். பாவம்.

சனிக்கிழமை காலை, புதுக் கார்டு வாங்கிவிடுவதென்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டைக்குப் போனாள். ரிப்பேர் கடைக்காரர் அப்துல் வஹீத், விற்பதற்கு முன் தன் கடை வைஃபையில் சேர்த்துப் பார்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் சேர்ந்துகொண்டது.

"கார்டு நல்லாத்தாம்மா கீது. இன்னாத்துக்குக் காசைக் கரியாக்குற?"

"வீட்டுல மட்டும் சேர மாட்டேங்குதே!"

"அப்போ உங்க வூட்டு வைஃபை பொட்டி, அதான் ரவுட்டர், அதுல யாரோ இந்த லேப்டாப்பை பிளாக் பண்ணி வெச்சிகீறாங்க. அதுக்கு ஒரு ஆப் இருக்குமே, யார் போன்ல கீது?"

ராம்குமார் போனில் மட்டும்தான் இருந்தது. லாவண்யா வஹீத்தின் முகத்தைப் பார்க்கக் கூசிப்போய் லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். வேறு யாராவது செய்திருக்கலாமே என்று பஸ்ஸில் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மாமியார் தங்கபுஷ்பத்துக்குப் போனில் பேசத் தெரியும், அவ்வளவுதான். மாமனாருக்கு அதுவும் அரைகுறை.

வீட்டில் ராம்குமார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும், குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றான்.

"அப்பாதான் சொன்னாங்க" என்றான். "நம்ம வீட்டுப் பொம்பளை இன்னொருத்தன்கிட்ட சம்பளம் வாங்குனா கடைத்தெருவுல என்ன பேசுவாங்கன்னு கேட்டாங்க. உன்கிட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"அப்புறம் எதுக்குப் பக்கத்துல உக்காந்து வாசிச்சீங்க?"

"நீயே அலுத்துப்போய் விட்டுட்டா யாருக்கும் மனத்தாங்கல் இல்லைன்னுதான்..."

"நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேங்க. தோத்துக்கூடப் போயிருப்பேன். இத்தனை நாளும் என்னை நானே முட்டாள்னு திட்டிக்கிட்டு இருந்தேனே, அதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே!" பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்தாள். "சரி, இப்பத் திறந்துவிடுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

அவன் போனை எடுத்தான். ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை, கடையில் கூட்டமாக இருக்கும் என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டினான். பாவி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாவண்யாவுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது, அவன் தட்டிய தோளைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கம்பெனிக்குத் தகவல் சொல்லப் போனை எடுத்தாள். 'லினக்ஸில் வைஃபை வேலை செய்யவில்லை' என்று அடித்தாள். அதை அழித்தாள். 'லினக்ஸ் நன்றாக வேலை செய்கிறது. என் கணவர் எனக்கு இணைப்புத் தர மறுத்துவிட்டார்' என்று எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. வருந்துகிறோம், இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.