சிக்கந்தரின் ரோவரை யாரும் தூக்க வேண்டாம்

இல்லை, தூக்கிக்கொண்டு வர முடியாது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் போன் போட்டுக் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் இதுதான் பதில். சாயங்காலம் கே.கே. நகரில் நடக்கப்போகும் இரங்கல் கூட்டத்தில் மாலை போட ஏதாவது வேண்டுமென்றால் போட்டோவுக்குப் போடுங்கள். சிக்கந்தரின் ரோவர் கண்மாய்க்குள் நிற்கிறது. அதுவாக ஏறி வந்தால் வரும்.

கூட்டத்தில் வாசிக்க நான்கு வரி எழுதிக் கொடு என்றும் கேட்டீர்கள். அதைத்தான் கரையில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இனிப்பாக வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை செய்தி வந்தபோது கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவின் தலைவர் பத்மநாபன் கூப்பிட்டார். "மாப்ள, சிக்கந்தர் பாய் போயிட்டாருப்பா. லேப்ல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்திருக்காரு. அம்புட்டுத்தான், எந்திரிக்கல." மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அவர் அடுத்த மூச்சிலேயே, "ஆமா, ரோவரு இப்ப எங்கப்பா இருக்கு?" என்றார். அந்தச் சாவை நினைத்தால் கூடவே இந்தக் கேள்வியும் வந்து நிற்கிறது. இரண்டின் மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

கூட்டத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் பல் டாக்டர்களுக்கும் எங்களைத் தெரிந்திருக்காது. நாங்கள் ஏழெட்டுப் பேர். நிலாவிலும் செவ்வாயிலும் ஆளில்லாமல் ஊர்ந்துபோகிற ரோவர் என்ற ஆறு சக்கர வண்டி இருக்கிறதே, அதைச் சின்னதாகச் செய்து ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லிலும் மண்ணிலும் ஓட்டிப் பார்ப்போம். சிக்கந்தர் பிழைப்புக்குப் பல் செட் செய்தவர். காளவாசலில் மாடியறை ஒன்றில் அவர் லேப். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய ரோவரின் சக்கரங்கள் ஈறு நிறத்தில் இருக்கும். பல் செட்டில் ஈறுக்கு வார்க்கும் அதே பிளாஸ்டிக்கில் சக்கரத்தையும் வார்த்திருந்தார். பார்க்கச் சகிக்காது.

"ஏன் பாய், ஒரு கறுப்பு பெயிண்ட அடிச்சா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன், கல்லு ஒன்கிட்ட வந்து கலர் புடிக்கலேன்னு சொல்லுச்சா?"

அவரைக் குரு என்று எழுதச் சொன்னார் பத்மநாபன். எழுத மாட்டேன். அவர் எனக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால், "நெட்ல இருக்கு, பாரு" என்பார். நான் முதன்முதலில் என் ரோவரைக் கொண்டுபோன அன்று அது மைதானத்தை விர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இவர் மட்டும் ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து அதன் முன்னால் வைத்தார். வண்டி மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. "நல்லாத்தான் இருக்கு. நாலு சக்கரம் போட்டு ரேஸுக்கு விடு, கப்பு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை அவர் போகும்வரை முடியவில்லை.

அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, ஓட ஆரம்பித்த ரோவரின் மேல் கை வைக்கக் கூடாது. சிக்கினாலும் சாய்ந்தாலும் கட்டளை கொடுத்தே மீட்க வேண்டும். இரண்டாவதுதான் கொடுமை. வேறு கிரகத்துக்குச் செய்தி போய்ச் சேர நேரமாகும் அல்லவா? அதனால் அவருடைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் கட்டளை உடனே போகாது. ஒரு டீ சொல்லி, வந்து, குடித்து முடித்த பிறகுதான் போகும். ரோவரின் கேமரா எடுக்கும் படமும் அதே போல ஆறப் போட்டுத்தான் நமக்கு வரும். வண்டியை நேரில் பார்க்கவும் கூடாது. கரைக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் கிடந்து, தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தாண்டும் தூரம்கூட அவர் வண்டி போகாமல் பார்த்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவர் நிம்மதியாகப் பல் குத்திக்கொண்டிருப்பார்.

ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் நடந்தது பத்மநாபனுக்கு மறந்திருக்காது. மேடையில் விரித்த கம்பளத்தின் மடிப்பில் ரோவர் சிக்கிக்கொண்டது. சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்மநாபன் சிரித்துக்கொண்டே ஓடிப் போய் வண்டியைத் தூக்கி ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார். சிக்கந்தர் மைக்கை வாங்கினார். "தலைவரே, அங்கிட்டு செவ்வாய்ல சிக்குனா யாரு வந்து தூக்குவா? ஒங்க அத்தையா?" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். பெரிய மனிதர் முன்னால் அப்படி நடந்துகொண்டது தப்பு என்று இன்றும் சொல்கிறார்கள். அன்று நானும் சொன்னேன். இப்போது சொல்ல மாட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

போன வாரம் ரோவரை இந்தக் காய்ந்த கண்மாயில் இறக்கிவிட்டு, அதை இங்கேயே நாள்கணக்கில் விட்டு ஓட்டப்போவதாகச் சொன்னார். சோலார் தகட்டில் வெயில் பட்டால் ஓடும், இருட்டினால் தூங்கும். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பின் ஓரத்தில் வலதுபக்கப் பின்சக்கரம் இறங்கி நின்றது. அதை மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மனிதர் போய்விட்டார். பத்மநாபனுக்குத் தன் கோச்சிங் சென்டரின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ரோவரை வைத்துக் கீழே பெயர்ப் பலகை மாட்ட ஆசை. பலகையில் யார் பெயர் பெரிதாக இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே லேப் மேஜையிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். பின்னால் வா என்று ஒரு தடவை அழுத்தினார். வண்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. பெட்டி பழுது என்று நினைத்துப் பத்து இருபது தடவை குத்தியிருக்கிறார். இம்புட்டு வருடம் கூடவே இருந்தவர்! தாமதம் என்றால் கட்டளை காணாமல் போகாது, வரிசையில் நிற்கும் என்பதுகூடத் தெரியவில்லை. அவர் சலித்துப்போய் பைக்கை எடுக்கப் போனபோது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. வண்டி பின்னால், பின்னால், பின்னால் என்று போய் வெடிப்புக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பெட்டியை அவரிடமிருந்து பிடுங்கினேன். கொடுத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிக்கந்தரின் மனைவி மெகரு அக்காவிடம் கேட்காமல் எதுவும் செய்ய எனக்கு மனமில்லை. அக்கா இத்தாவில் இருக்கிறார், கணவர் இறந்த நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத காலம். போனில்தான் பேசினார்.

"அக்கா, ஆத்துல தண்ணி தெறந்துட்டாங்களாம். இன்னைக்குக் கண்மாய்க்கு வந்துருமாம். என்ன செய்யட்டும்? தூக்கிரவா?"

"அந்தச் சனியனுக்கு என் ஞாயித்துக்கெழமை பூராவையும் குடுத்திருக்கேன் தம்பி. தண்ணியில போனாலும் போகட்டும். ஆனா அந்தத் தலைவரு கை அதும்மேல படப்பிடாது. ஒங்கையும்தான். மௌத்தாப் போனா அவுக சொன்னது இல்லேன்னு ஆயிருமா?"

அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். ஒரு சக்கரத்தை அரைச் சுற்று, அடுத்ததைக் கால் சுற்று என்று அனுப்பிவிட்டு, படம் வரும்வரை இதை எழுதுகிறேன். படம் வந்தால் எழுத்தை நிறுத்துகிறேன். நடுநடுவே இது வெட்டி வெட்டிப் போவதற்கு அதுதான் காரணம். பத்மநாபன் சாக்குப் பையோடு கரைமேல் உலாத்துகிறார். இப்போதுகூட வந்து குனிந்து, "மாப்ள, அந்தத் தாமத வயரை மட்டும் கழட்டிட்டு ஓட்டுப்பா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியும். அங்கிட்டுப் போங்க."

"அவன மாதிரியே பேசுறான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். சிக்கந்தரை மாதிரி எல்லாம் இல்லை. எனக்குப் பொறுமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சிக்கந்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதி முடிக்க வேண்டுமாம். சொல்கிறேன். சாவதற்கு முந்தின நாள் போனில் கூப்பிட்டு, வெடிப்பு ஆழமாக இருக்கிறது என்றார். வேலை நேரம், எரிச்சலில் இருந்தேன். "தூக்கிட்டு வந்து வேலையப் பாருங்க பாய்" என்றேன். "காலேஜத்தான் பாதியில விட்டுட்டு வந்த. எதைப் பாத்தாலும் பாதியில விடத்தான் தோணுமா ஒனக்கு?" என்றார். பட்டென்று வைத்துவிட்டார். நான் திருப்பிக் கொடுக்க நல்ல பதில் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எல்லோருக்கும் அன்பாக ஏதாவது சொல்லிவிட்டுச் சாகத் தெரிகிறது, இவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் சத்தமாகவே படியுங்கள்.

கடைசியாக வந்த படத்தில் பின்சக்கரம் பாதி மேலே ஏறியிருந்தது. வயிற்றுப் பகுதி இன்னும் மண்கட்டியில் இடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு சக்கரத்தையும் சேர்த்து முன்னால் தள்ளும்படி ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அது இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படம் வர இன்னும் ஒரு டீ நேரம் இருக்கிறது. பத்மநாபன் கத்துகிறார். "மாப்ள, தண்ணி உள்ள வந்துருச்சு! ஓரமா வருது, வெடிப்புக்குள்ள எறங்குது!" நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏய், வண்டி நகருதுடா! தானா நகருது!"

எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன் என்கிறார். இதோடு எழுத்தை நிறுத்துகிறேன், படம் வரட்டும்.