சுத்தமான ஓர் இடம் கேட்டேன்

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்லும்படி பாஸ்டர் அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கக்கூஸைப் பற்றி எப்படிச் சொல்வது? அதனால் எழுதித் தருகிறேன். படிக்கிறவர்கள் முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளுங்கள். நானும் அன்று முழுவதும் சுளித்த முகத்தோடுதான் இருந்தேன்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. பெங்களூரில் அல்சூர் பக்கம் நகராமல் நின்ற வேனில் என் பெரியம்மா சரிந்து என் மடியில் விழுந்தார். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. முன்னால் பஸ், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் ஆட்டோ. எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் அம்மா போன பிறகு எனக்கு அம்மாவாக இருந்தவர் அவர் ஒருவர்தான். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டி வந்து கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எப்படி அந்த நிலைக்கு வந்தோம் என்று சொல்கிறேன்.

நான் லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஆம்பூரிலிருந்து பெரியம்மா, பெரியப்பா, என் அத்தை மூவரும் வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள். மூவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பெங்களூரை ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது பெரியம்மாவின் பல வருட ஆசை. செலவும் கையைக் கடிக்கக்கூடாது, வயதானவர்களுக்கு அலைச்சலும் கூடாது. ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன். ஏசி இல்லாத வேன். டிக்கெட் கேட்காத இடங்கள். சிவாஜிநகர் கடைத்தெரு, வெளியிலிருந்து விதான சௌதா, கப்பன் பார்க், கடைசியில் அல்சூர் ஏரி. வீட்டிலிருந்தே புளிசாதம், தயிர்சாதம், அவித்த முட்டை. யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு ஜன்னல் ஓரம், யாருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, எல்லாம் நோட்டில் எழுதினேன். ஆபீசில் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. மூன்று பெரியவர்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்கே ஒன்றுக்குப் போவார்கள் என்பது என் நோட்டில் இல்லவே இல்லை.

என் சுபாவத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அசிங்கம் என்றால் ஆகாது. நாற்றம் வந்தால் குமட்டும். என் வீட்டுக்காரர் என்னை 'பினாயில்' என்றுதான் கூப்பிடுவார்.

சனிக்கிழமை காலை பெரியம்மாவுக்குக் காபி நீட்டினேன்.

"எனக்கு வாணாம்மா ஸ்டெல்லா. இன்னிக்கு உபவாசம்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஊர் சுற்றப் போகிற நாளிலும் ஜெபத்தை விடாத மனுஷி என்று நினைத்தேன். உபவாசம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் குடும்பத்தில் எதற்காக என்று கேட்க மாட்டோம், சாப்பிடு என்று வற்புறுத்தவும் மாட்டோம். அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில். சர்க்கரை வியாதி உள்ளவர் எப்படிப் பட்டினி கிடப்பார் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. அதோடு விட்டேனா? அத்தை வழியில் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது, "அவங்கள சோதிக்காதீங்க அத்தை," என்று பாட்டிலை வாங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு அத்தைக்கு அவசரம். வழியில் ஒரு பொதுக் கழிப்பறையைப் பார்த்து வேனை நிறுத்தினோம். எது என்று பெயர் சொல்ல மாட்டேன். வாசலிலேயே மூக்கில் ஆணி அடித்தது போல நாற்றம். உள்ளே கணுக்கால் நனையத் தண்ணீர். அது தண்ணீர்தானா என்று யோசிக்கக்கூட நான் விரும்பவில்லை. சுவர் முழுக்கக் குட்கா எச்சில். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. பீங்கானில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து ஓங்கரித்தேன். மனுஷர் போகிற இடமா இது? இதற்குக் காசு வாங்க வாசலில் ஓர் ஆள் வேறு, செல்போனில் சிரித்துக்கொண்டு! அத்தை மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டு வந்தார். பெரியப்பாவுக்குக் கவலையில்லை. ஆண்பிள்ளைகளுக்குத்தான் ஊரெல்லாம் சுவர் இருக்கிறதே.

"நீங்க போறீங்களா பெரியம்மா?" என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். நல்லவேளை என்று நினைத்தேன். ஆண்டவரே, என் மனசில் வந்த வார்த்தை அதுதான்.

அதன் பிறகு வெயில், புகை, நெரிசல். சிக்னலுக்குச் சிக்னல் கதவைத் திறந்து எச்சில் துப்பும் ஆட்டோக்காரர்கள். சாக்கடையை வாரி ரோட்டு ஓரத்திலேயே குவித்து வைத்திருந்தார்கள், அதன்மேல் ஈ. இதையா காட்டக் கூட்டி வந்தோம் என்று எனக்கே வெறுத்துவிட்டது. அப்போதுதான் பெரியம்மா சரிந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்தார். பாட்டிலை வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு பெரியம்மா. உபவாசம் முறிஞ்சா முறியட்டும், குடிங்க."

"உபவாசமும் இல்ல ஒண்ணும் இல்ல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஏற்கெனவே முட்டிக்கினு இருக்குது. இன்னும் குடிச்சா எங்கம்மா போவறது?"

எனக்குத் தலையில் அடித்தாற்போல் ஆயிற்று. டிரைவர் மஞ்சு திரும்பிப் பார்த்து, "மேடம், ஆஸ்பத்ரெகே ஹோகோணா?" என்றார். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வழியாக? வேன் ஓர் அடி நகரவில்லை. பெரியம்மா தண்ணீரும் குடிக்க மாட்டார், வேனிலேயே ஒன்றுக்குப் போகவும் மாட்டார். உயிரே போனாலும் மானத்தை விடமாட்டார்.

நான் கண்ணை மூடினேன். ஆண்டவரே, எனக்கு ஒரு சுத்தமான கக்கூஸ் காட்டும். இவ்வளவுதான் ஜெபம். நாற்பத்தொன்பது வயதில், ஞாயிற்றுப்பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு, இப்படி ஒரு ஜெபம் செய்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுது கேட்டேன். சுத்தமான இடம், சுத்தமான இடம் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஆமென் சொல்லி முடிக்கவில்லை, இடது பக்க ஆட்டோ நகர்ந்து ஒரு சந்து திறந்தது. மஞ்சு வேனை ஒடித்து உள்ளே விட்டார். மர்பி டவுன் சந்து. முப்பது அடி போவதற்குள் குறுக்கே தண்ணீர் லாரி. நின்றுவிட்டோம். ஜன்னலுக்கு நேராக ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னாமா ஆச்சு? பெரியவங்கள உள்ள இட்டுக்கினு வாங்க."

அவர் பெயர் கமலா. வாசல் ஆணியில் கார்ப்பரேஷன் துப்புரவு ஜாக்கெட் தொங்கியது. தெருக் கூட்டும் வேலை. உள்ளே சுவரில் புத்தர் படம். உண்மையைச் சொல்கிறேன், ஜாக்கெட்டைப் பார்த்ததும் என் கால் தயங்கியது. சுத்தமான இடம் கேட்டேனே, இங்கேயா என்று மனசு கேட்டது. இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

கமலா எங்களை உட்காரச் சொல்லவில்லை. பெரியம்மாவைக் கைத்தாங்கலாக நேராகப் பின்பக்கம் நடத்திப் போனார். தகரக் கதவு. சின்ன இடம்தான். சிமெண்ட் தரை காய்ந்து பளிச்சென்று இருந்தது. நிரம்பிய வாளி, கவிழ்த்து வைத்த சொம்பு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. என் மூக்கு என்னை அறியாமல் தேடியது. ஒரு நாற்றமும் இல்லை.

பெரியம்மா வெளியே வந்ததும்தான் பாய் போட்டார், உப்புப் போட்ட மோர் கொடுத்தார். நான் நன்றி சொன்னதற்கு, "பெரியவங்க வூட்டுக்கு வந்தா எடத்ததான் மொதல்ல காட்டணும். அப்பறந்தான தண்ணி குடுக்கணும்? அவங்க வாய்வுட்டுக் கேக்கமாட்டாங்க," என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல.

மோரைக் குடித்ததும் பெரியம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. "காலையில இருந்தா அடக்கினீங்க?" என்று கேட்டேன்.

"வியாழக்கெழமையில இருந்தே, முடிஞ்ச மட்டும்."

"ஏன் பெரியம்மா? நம்ம வீட்ல இல்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். "நான் வெளிய வந்ததும் நீ மூக்கப் புடிச்சிக்கினு பிரஷ் எடுத்துக்கினு உள்ள போனியேம்மா. ரெண்டு வாட்டி பாத்தேன். வேலைக்குப் போற பொண்ணு, எதுக்கு உனக்குத் தொந்தரவுன்னு தண்ணிய கொறைச்சிட்டேன். கேட்டா சொல்ல ஒரு காரணம் வேணுமேன்னு உபவாசம்னேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்."

அன்று எதையெல்லாமோ பார்த்து அருவருத்தேன். அத்தனையும் சேர்ந்தாலும், அந்தப் பாயில் உட்கார்ந்து என்னைப் பார்த்து நான் அடைந்த அருவருப்புக்கு ஈடாகாது. ஊர் கக்கூஸைத் திட்டினேனே, அங்கே துணிந்து போய் வந்த அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுப் பளிங்குக் கக்கூஸ்தான் பெரியம்மாவைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது. அவர் காலைப் பிடித்து அழுதேன். கமலா என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சாயங்காலம் டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் நீர் வற்றிவிட்டது, சிறுநீரில் கிருமி சேர ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிட்னியைப் பாதித்திருக்கும் என்றார். மருந்தோடு போயிற்று. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சுத்தமான இடம் காட்டும் என்று கேட்டேன். அவர் காட்டினார். எது சுத்தம் என்பதையும் சேர்த்துக் காட்டினார். கமலா நம் சபை இல்லை, நம் வேதமும் இல்லை. அவர் கையால்தான் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விடுமுறைக்கு வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறவர்களே, இடத்தையும் சாப்பாட்டையும் எழுதும்முன் கழிப்பறையை எழுதுங்கள். 'எனக்கு ஒண்ணும் வேணாம்' என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டவரிடம் எதையும் கேளுங்கள். இது கேட்கிற விஷயமா என்று கூசி அடக்கிவைக்காதீர்கள். அவருக்கு அருவருப்பு கிடையாது.

கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா மறுபடி வந்தார். பையைக் கீழே வைப்பதற்குமுன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கக்கூஸ் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார்.