செல்லாயி வீடு திரும்பிய நாள்

காலை ஏழு பத்துக்குச் சிரம்பானில் பஸ் ஏறினேன். ரெம்பாவ் ஏறக்குறைய பதினேழு மைல். அதற்கு அப்பால் நாலு மைல் உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அதன் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாததால் கட்டைப்பாலத் தோட்டம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அவசரகாலம் தொடங்கி மூன்றாவது வருடம் அது. வெள்ளைக்கார அரசை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்துச் சோறு போய்விடக் கூடாதென்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை இடித்து, மக்களை முள்கம்பி வேலிக்குள் ஒன்றாகக் குடிவைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டைப்பாலத்தில் அப்படி எழுந்த இருபத்திரண்டு வீடுகளுக்கும் பிளான் வரைந்தவன் நான். சிரம்பான் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தேன். இடத்தைப் பார்த்ததில்லை. பாதை ஆபத்து என்று முதலாளி சொன்னார், நானும் வற்புறுத்தவில்லை.

எட்டு மணிக்கு ரோட்டில் தடுப்பு. எல்லோரும் இறங்கினோம். மலாய்க் காவலர் என் அடையாளக் கார்டைப் பார்த்தார், பிறகு தூக்குச்சட்டியைத் திறந்தார். "நாசி?" என்றார். சோறுதான். சோறு இந்தத் தடுப்பைத் தாண்டக் கூடாது. கொட்டலாம், அல்லது சாப்பிடலாம். ஆக, அன்றைய மத்தியானச் சாப்பாட்டைக் காலை எட்டே காலுக்குச் சாலையோரத்தில் நின்றபடி சாப்பிட்டேன். அதற்குள் ஏறிவிட்ட இருபது பயணிகள் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சீக்கிரம் முழுங்குங்க லா, பஸ் போவணும்" என்றார் ஒருவர். பின் சீட்டு அம்மாள், "என்னா கொழம்பு?" என்று கேட்டார். கத்தரிக்காய் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

ரெம்பாவிலிருந்து தோட்டத்து லாரி. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்திருந்தது. "தொப்பிய கழட்டிருங்கய்யா" என்றார் டிரைவர். "தொப்பி தெரிஞ்சா தொரைன்னு நெனச்சி சுட்டுருவானுங்க." நாலு மைலும் தொப்பியின் மேல் உட்கார்ந்தே போனேன்.

பத்து மணிக்குத் தோட்டம் வந்தது. வேலி வாசலில் கார்ப்பரல் ஹாஷிம் என்பவர் மறுபடி என்னைத் தடவிப் பார்த்தார். கனத்த மீசை, சிரித்த முகம். அவருக்குப் பின்னால் தோட்டத்து ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி பொன்னம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் காற்சட்டையில் நின்றார்.

"நீங்கள்தானோ பிளான் கீறின ஆள்? சனம் உங்களைப் பார்க்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டு இருக்குது."

மாலை போடுவார்களோ என்று நினைத்தேன்.

வீடுகளைப் பார்த்ததும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மலைப்பக்கம் பார்த்து முன்வராந்தா, காற்று உள்ளே வந்து பின்னால் அடுப்படி வழியாகப் புகையைக் கொண்டுபோக வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே அடுப்படிகள் மலையைப் பார்த்திருந்தன. மலைக்காற்று அடுப்பைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தது. புகையையும் கூடவே கூட்டிவந்தது. மக்கள் தங்களால் ஆனதைச் செய்திருந்தார்கள். மூன்றாம் நம்பர் வீட்டு வராந்தாவில் கோழிகள். ஒன்பதாம் நம்பரில் ஜன்னலை பிஸ்கட் டின் தகட்டால் மூடி, சுவரில் வேறு இடத்தில் ரம்பத்தால் புது ஜன்னல் அறுத்திருந்தார்கள். அது என்னுடையதைவிட நல்ல இடம்.

எல்லாவற்றிலும் சிறந்தது பதினேழாம் நம்பர். செல்லாயி என்கிற பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பெண்ணின் வீடு. அவள் அடுப்பையே வெளியே கொண்டுவந்து, மூங்கில் நட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து, பாதி உயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டியிருந்தாள். புகை தட்டிக்கு மேலே கலைந்து போனது. உள்ளே அவள் மகள், மூன்று வயதிருக்கும், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். புகை குடித்து இரண்டு மாதம் இழுப்பு வந்து அவதிப்பட்ட பிள்ளையாம். நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தட்டியைப் படம் போட்டுக்கொண்டேன்.

"எழுதி என்னா செய்ய?" என்றாள் செல்லாயி. "இன்னிக்கி நாலு மணிக்குள்ள பிரிக்கச் சொல்லிட்டாங்க. வேலிக்குப் பத்தடிக்குள்ள ஒண்ணும் நிக்கக் கூடாதாம். தொரை வந்து பார்ப்பாராம். பிரிச்சா மறுபடி பொகையிலதான் எம்புள்ள கெடக்கணும். யாருய்யா இந்த வூட்ட வரைஞ்சது? அந்தாளு வூட்டுல அடுப்பு மூட்டுற பொம்பளயே இல்லியா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலம்மா."

"அதான்!" என்றாள்.

கிராணி வீட்டு வராந்தாவில் பிளானை விரித்தேன். வடக்கைக் காட்டும் அம்புக்குறி தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. சர்வே காகிதத்தைத் தலைகீழாக வைத்து நகல் எடுத்திருக்கிறேன். கட்டியவர் நேர்மையானவர், நான் காட்டிய திசையில் ஒரு பிசகும் இல்லாமல் இருபத்திரண்டு வீடுகளையும் நிறுத்திவிட்டார். பிளானைச் சுருட்டினேன்.

கிராணி பார்த்துவிட்டார். மெதுவாகச் சொன்னார்: "கட்டின குத்தகைக்காரரிலே பழியைப் போடலாம், தம்பி. அவர் இப்ப ஈப்போவிலே நிக்கிறார்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும். ஆனால் அந்தப் பிள்ளையின் இழுப்பு நினைவுக்கு வந்தது. எழுந்து பதினேழாம் நம்பருக்கே போனேன்.

"அம்மா, வீடு பின்பக்கம் முன்னாலே நிக்குது. தப்பு என்னோடதுதான். அடுப்படி பாதையைப் பார்த்து இருக்கணும். அங்கே கொட்டகை போட்டா வேலிச் சிக்கலும் கிடையாது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வீட்டின் கால்களைக் குனிந்து பார்த்தாள். கரையானுக்குப் பயந்து கால்களை மண்ணில் புதைக்காமல் சிமெண்டுக் கட்டைகளின் மேல் நிறுத்தச் சொல்லியிருந்தேன். அந்தப் பிளானில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

"அப்பறம் என்னா? திருப்பிட வேண்டியதுதான்" என்றாள்.

கார்ப்பரல் ஹாஷிம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், கல்யாணம் ஆனாலும் வெள்ளம் வந்தாலும் ஊர் கூடி வீட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைப்பார்களாம். "ரூமா பூசிங் லா! பொலே!" என்றார். வீட்டைத் திருப்பு, முடியும் என்று அர்த்தம்.

ஒரு மணிக்குப் பால் எடை முடிந்து எல்லோரும் வந்தார்கள். கொட்டகையைக் கட்டவிழ்த்து ஓரமாக வைத்தார்கள். பிள்ளை, பானைகள், சாமி படம் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. தரைச் சட்டத்துக்குக் கீழே நீள மூங்கில்களைக் கட்டினார்கள். நாற்பது பேருக்கு மேல் தோள் கொடுத்தார்கள். காவலர்கள் நாலு பேர் துப்பாக்கியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். கிராணி அந்த நாலு துப்பாக்கிகளையும் பச்சைக் குழந்தைகளைப்போல் இரண்டு கைகளிலும் அணைத்துக்கொண்டு, அசையவே பயந்து நின்றார்.

தூக்கும்போது சட்டம் முறுக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயத்தில், மூலை இணைப்புகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க உள்ளே ஓடினேன். அதே நேரம் வெளியே "சத்து, டுவா, தீகா... அங்காட்!" என்று மலாயில் எண்ணித் தூக்கச் சொல்லும் சத்தம். வீடு எழும்பியது.

"ஐயோ, பிளான்காரய்யா உள்ள இருக்காரு!"

"இருக்கட்டும் லா, கனமா ஒண்ணும் தெரியல!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலில் ஒன்பதாம் நம்பர் வீடு வந்தது, போனது. வேலி வந்தது, காவல் கோபுரம் வந்தது, கோழிகள் வந்தன. பிறகு மலை மெல்ல மெல்ல நுழைந்து ஜன்னல் முழுவதும் நின்றது. நான் செய்த பயணங்களில் வீட்டுக்குள் இருந்தபடி செய்தது இது ஒன்றே. தூரம் அரை வட்டம். நேரம் பதினோரு நிமிடம்.

மூன்று நாற்பதுக்குத் தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் ஜீப் வந்தது. இருபத்தொரு வீடுகள் ஒரு பக்கம் பார்க்க, ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் முகம் சிவந்தது. துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

"யார் திருப்பினது? எல்லா வூடும் ஒரே மாதிரி பார்க்கணும்! தெரியாது?"

செல்லாயி முன்னே வந்தாள்.

"தொரை சொல்றது சரிதாங்க. எல்லா வூடும் ஒரே மாதிரிதான் பார்க்கணும். மத்த இருபத்தொண்ணையும் நாளைக்கே திருப்பிடுறோம்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. துரை என்னைப் பார்த்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. பிளானை ஜீப்பின் மேல் விரித்து, அம்புக்குறியைக் காட்டி, அது என் பிழை என்றேன்.

துரை பிளானைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். செல்லாயியின் வராந்தாவில் ஏறி உட்கார்ந்தார். மலைக்காற்று அவர் தலைமுடியைக் கலைத்தது. செல்லாயி கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டுக் கேட்டார்: "உன்கிட்ட ரப்பர் இருக்கு?"

ரப்பர் தோட்டத்தின் நடுவில் அந்தக் கேள்வி முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து அழிரப்பரை எடுத்து, அம்புக்குறியை அழித்து, திருப்பிப் போட்டேன். "நல்லது. நான் இந்தத் தாளைத்தான் பார்த்தேன்" என்றார் துரை. "ஆனா என் பங்களாவுக்கு நீ பிளான் போட வேணாம்."

ஊரடங்குக்கு முன் போகவேண்டுமென்று ஐந்து மணிக்கே லாரி புறப்பட்டது. சிரம்பானில் நான் வாடகைக்கு இருக்கும் அறை, கடை வீட்டின் மாடியில், செங்கல் சுவருக்குள் இருக்கிறது. எத்தனை பேர் தோள் கொடுத்தாலும் அது அசையாது. நாலு வருடமாக அங்கே காற்றே வராது என்று எல்லோரிடமும் குறை சொல்லிவந்தவன் நான். அன்று சாயங்காலம் கதவைத் திறந்ததும் கட்டிலை மட்டும் இழுத்துத் திருப்பிப் போட்டேன்.

காற்று வந்தது.